பத்துச் சொட்டு

அந்தத் தெருவில் கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் கோழியக்காவிடம் யோசனை கேட்டுப் போனவர்கள்தான். போனவர்களுக்கு யோசனை கிடைக்கும். முழு யோசனை மட்டும் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

அடைக்கு எத்தனை முட்டை வைக்கலாம் என்று கேட்டால் சொல்வாள். எந்தக் கோழியை உட்கார வைப்பது, அடியில் மணல் போடுவதா வைக்கோல் போடுவதா, எல்லாம் பொறுமையாகச் சொல்வாள். கடைசி மூன்று நாள் முட்டைகளின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுவாள். கேட்டுப் போனவர்களுக்குப் பாதி பொரிக்கும், பாதி கூமுட்டையாகும். அவர்கள் திரும்பி வந்து, "உங்க கைராசி எங்களுக்கு வருமாக்கா?" என்பார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கோழி மனசு வைக்கணும்" என்று இவள் அடக்கமாகச் சொல்லிக்கொள்வாள். இவள் பொய் சொன்னாள் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. சொன்னதெல்லாம் நிஜம்தான்.

பதினெட்டு வருஷமாக அந்தக் கோழிகளால்தான் அவளுக்கு மரியாதை. கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். கழித்துக்கட்டிய ஒரு பஸ்ஸின் பின்பாதியை வாங்கி வந்து கொல்லையில் நிறுத்தி, சீட்டெல்லாம் கழற்றி, குறுக்கே மரச்சட்டங்கள் அடித்துக் கூண்டாக்கிக் கொடுத்தவர் அவர்தான். ஜன்னல் கண்ணாடிகளை அப்படியே விட்டிருந்தார். காற்று வேண்டுமானால் தள்ளித் திறக்கலாம், மழை வந்தால் சாத்தலாம். உள்ளே பதினாறு பெட்டைகளும் ஒரு சேவலும். சேவல் எப்போதும் படிக்கட்டில்தான் நிற்கும், அதனால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர். வெள்ளைப் பெட்டை ஒன்று தலையை நிமிர்த்திக்கொண்டு மற்ற கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டபடி நடக்கும். அது டீச்சர். தினமும் காலையில் கோழியக்கா தீவனம் கிளறுகிற நேரத்துக்கு டீச்சர் வந்து அவள் மடியில் ஏறி உட்காரும். அந்த ஐந்து நிமிஷம் அவள் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

வீட்டின் முன்பாதி அவளுக்கும் கணவருக்கும். பின்பாதி கொழுந்தனுக்கு. கொல்லை பொது. கோழி அவளுடையது. இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை, மூன்று மாதத்துக்கு முன்பு கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு வரும்வரை.

வந்த பெண் ஒரு தைலக் கம்பெனியில் ஐந்து வருஷம் பாட்டில் நிரப்பியவள். புதினா, கிராம்பு, எலுமிச்சைப்புல், ஓமம் என்று இலையிலும் மொட்டிலும் விதையிலும் வடித்தெடுக்கிற வாசனைத் தைலங்கள். அவளோடு ஒரு மரப்பெட்டி நிறையப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன பாட்டில்கள் வந்திறங்கின. தலைவலி என்று வந்தவருக்கு ஒரு சொட்டு, சளி என்று வந்தவருக்கு ஒரு சொட்டு. ஒரே வாரத்தில் தெரு அவளுக்குத் 'தைலம்' என்று பெயர் வைத்துவிட்டது. கோழியக்காவுக்குக் கோழியக்கா என்ற பெயர் விழ இரண்டு வருஷம் பிடித்திருந்தது. அதை அவள் மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கோழிகளுக்கு என்னவோ ஆயிற்று.

சாயங்காலம் பொழுது சாய்கிற நேரத்தில் தானாக வரிசை கட்டிப் பஸ் ஏறுகிற கோழிகள், படிக்கட்டுவரை வந்து திரும்பிப் போயின. விரட்டினால் சிதறி ஓடின. சில கொய்யாமரத்தில் ஏறிக்கொண்டன. கண்டக்டரே மதில்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். கொண்டைகள் வெளுத்துப்போயின. நாளொன்றுக்குப் பன்னிரண்டு முட்டை வந்த இடத்தில் ஆறு வந்தது, பிறகு நான்கு. வாடிக்கையாக முட்டை எடுக்கிற பேக்கரிக்காரர், "என்னம்மா, உங்க கோழியெல்லாம் லீவு போட்டுருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேன்தான் என்று அவளுக்குத் தெரியும். வழக்கம்போல மரச்சட்டங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தரையில் தூவினாள். கோழிகள் புரண்டு குளிக்க ஒரு தொட்டி நிறையச் சாம்பல் வைத்தாள். பதினெட்டு வருஷம் கைகொடுத்த வைத்தியம் அந்த வருஷம் கைவிட்டது. பத்து நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோழியக்கா வீட்டுக் கோழிக்கே நோய் என்று வெளியே எப்படிச் சொல்வது?

ஒரு காலையில் அவள் பஸ்ஸுக்குள் குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் நிழல் விழுந்தது.

"அக்கா, உள்ள வரலாமா?"

"வந்துதான் நிக்கிறியே."

தைலம் ஏறி வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணி. எதுவும் கேட்காமல் மரச்சட்டத்தின் அடிப்பக்கம் துணியைக் கொடுத்து ஒரு இழு இழுத்தாள். துணியில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது.

"பாருங்கக்கா. பூரா ரத்தம். பகல்ல கோழி மேல இருக்காது இது. சட்டத்துக்கு அடியில, வெடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும். ராத்திரி ஆனா வெளிய வந்து குடிக்கும். அதான் கோழிங்க உள்ள வர மாட்டேங்குது."

"எனக்குத் தெரியாதா என்ன?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாம இருக்குமா? மேல துடைச்சிருக்கீங்க, அடியில கை போகல போல. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' கோழியக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று மாதத்துப் பெண், கோழியைத் தூக்கக்கூடத் தெரியாதவள், ஒரு கிழிந்த துணியை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டாள்.

"நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமாக்கா? பிடிக்கலைன்னா வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கணவர் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக்கு வந்து, "செய்யும்மா, செய்யி. இவ பத்து நாளா சாம்பலப் போட்டு உருண்டுக்கிட்டிருக்கா" என்றார். கோழிகள்தான் சாம்பலில் உருண்டன, இவள் இல்லை. ஆனால் வாயில் பற்பசையோடு பேசுகிற ஆளிடம் என்ன வாதாடுவது?

தைலம் அன்றைக்கே வேலையில் இறங்கினாள். முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுச் சட்டங்களை அடிப்பக்கம் வரை தேய்த்துக் காயவிட்டாள். பிறகு தெளிப்பானில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, கிண்ணத்தில் ஒரு கரண்டி சோப்புத் திரவத்தில் கிராம்புத் தைலம், புதினாத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம் கலந்த பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, கலக்கி, தண்ணீரில் ஊற்றினாள். கோழியெல்லாம் வெளியே மேய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக அடித்தாள். கண்ணாடியெல்லாம் திறந்து வைத்து, காய்ந்து வாசனை அடங்கும்வரை கோழியை உள்ளே விடவில்லை. ஐந்தாவது நாள் இன்னொரு முறை. குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஓமத் தைலம், அதுவும் ஊசிமுனை அளவு.

கோழியக்கா துணி காயப்போடுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கொடியில் காய்ந்த துணிகளை அவள் மூன்று முறை உதறிப் போட்டாள்.

ஒரு வாரத்தில் கண்டக்டர் படிக்கட்டுக்குத் திரும்பிவிட்டான். பத்து நாளில் ஒன்பது முட்டை. பேக்கரிக்காரர், "வைத்தியம் பண்ணது யாரு, தைலமாமே?" என்று கேட்டார். தெருமுனைக் கால்நடை டாக்டர் வண்டியை நிறுத்திக் கூண்டை எட்டிப் பார்த்து, "சுத்தமா வச்சிருக்கீங்க. அளவு தெரிஞ்சு செய்யற ஆள் கைல இருந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது தைலத்தைப் பார்த்து. பக்கத்து வீட்டு டெய்லரம்மா தன் ஏழு கோழிகளுக்கும் மருந்தடிக்கத் தைலத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். இதே டெய்லரம்மா போன வருஷம்வரை கோழி தும்மினால்கூட இங்கே ஓடி வந்தவள்.

சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு.

"அந்தப் பொண்ணு கைல என்னமோ இருக்குடி" என்றார் கணவர், முட்டையைப் பிட்டபடி. "எதையும் எண்ணி, அளந்து, நிதானமா செய்யுது. மெக்கானிக் புத்தி."

"பதினெட்டு வருஷம் நான் குத்துமதிப்பாவா வளத்தேன்?"

"உன்ன யாரு சொன்னா இப்ப? அவள நல்லா செஞ்சான்னு சொன்னா உனக்கு ஏன் குத்துது?"

"எனக்கென்ன குத்துது. சோறு போடட்டுமா?"

குத்தத்தான் செய்தது. அவள் மறைக்கவில்லை, தன்னிடமே. பொறாமை என்றால் பொறாமைதான். அடுப்படியில் நிற்கும்போது, குளிக்கும்போது, தெருவில் யாராவது சிரித்தால், எல்லா நேரமும் அது அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் திமிராக நடந்துகொண்டாலாவது தேவலை. அவளோ வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்றாள். டெய்லரம்மாவிடம், "அக்கா கோழிங்க திடமான கோழிங்க, அதான் சீக்கிரம் தேறிருச்சு" என்று அவள் சொன்னது மதில் தாண்டிக் கேட்டது. அதைக் கேட்டபோது கோழியக்காவுக்கு இன்னும் எரிந்தது. திட்டக்கூட வழியில்லாமல் ஒருத்தி நல்லவளாக இருந்தால் என்னதான் செய்வது?

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். டீச்சர் செய்த காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று காலை அவள் தீவனம் கிளறிக்கொண்டு மடியை விரித்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியது, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தது, இவளைத் தாண்டிப் போனது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தைலத்தின் மடியில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தது.

"அக்கா! இங்க பாருங்களேன்! கீழ இறங்க மாட்டேங்குது!" தைலம் குழந்தை மாதிரி சிரித்தாள்.

"ரொட்டித்துண்டு வச்சிருப்ப."

"இல்லக்கா, வெறும் டீதான்."

கோழியக்கா தீவனச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோழிக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் டெய்லரம்மா மருந்தின் அளவு கேட்டபோது அவளும் கூடவே நின்றாள். தைலம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: "ஒரு லிட்டர் தண்ணிக்குப் பத்துச் சொட்டு. அதுக்கு மேல வேண்டாம். முதல்ல சோப்புல கலக்கணும், இல்லன்னா தைலம் தனியா மிதக்கும். கோழி உள்ள இருக்கறப்ப அடிக்கக் கூடாது. காய்ஞ்சப்பறம்தான் விடணும்."

டெய்லரம்மா தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோழியக்கா மட்டும் அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றாள். எதை விட்டிருப்பாள் இவள்? கைமருந்தை எவளாவது முழுசாகச் சொல்வாளா? ஒன்றை விட்டிருப்பாள். கட்டாயம் விட்டிருப்பாள். சோப்பு நிஜம், அது கண்ணால் பார்த்தது. காயவிட்டதும் பார்த்தது. அப்படியென்றால் அந்தப் பத்துதான் கட்டுக்கதை. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டால் ஒரு கொசுகூட மயங்காது, இத்தனை பேன் எப்படிச் சாகும்? பார்வைக்குப் பத்து எண்ணியிருப்பாள், பார்க்காதபோது பாட்டிலைக் கவிழ்த்திருப்பாள். அது மனதில் பட்டதும் கோழியக்காவுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. நல்லவளாம், நல்லவள்!

அடுத்த வாரம் தைலத்தின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கிளம்புகிற அன்று காலை அவள் பாட்டிலோடு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு மறுபடியும் அடிக்க வேண்டிய நாள். பேன் முட்டையெல்லாம் புதுசாப் பொரிச்சிருக்கும், இன்னிக்கு விட்டா மறுபடி பெருகிடும். நீங்க அடிச்சிடறீங்களா? நாளான்னிக்கு மத்தியானம் வந்துடுவேன்."

"என் கோழிக்கு நான் அடிக்காம வேற யாரு அடிப்பா?"

"அதில்லக்கா... பத்துச் சொட்டு. கண்ணாடியெல்லாம் திறந்து வச்சு, நல்லா காய்ஞ்சப்பறம்..."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன் அன்னிக்கு. போய்ட்டு வா. அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு."

தைலம் பாட்டிலை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

மதியம்வரை நல்ல வெயில். கோழியக்கா சட்டங்களைத் தேய்த்துக் கழுவினாள், அடிப்பக்கமும் விடாமல். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கிண்ணத்தில் சோப்பை ஊற்றினாள். பாட்டில் மூடியில் சொட்டாக விழுகிற ஒரு அடைப்பு இருந்தது. பத்து எண்ணினாள். சோப்பில் விழுந்த இடம்கூடத் தெரியாத பத்து. கையை நிறுத்தி யோசித்தாள். இன்றைக்கு இவள் அடிக்கிற மருந்தில் ஒரு பேன்கூட மிஞ்சக் கூடாது. தைலம் அடித்து ஒன்பது முட்டை வந்தது, இவள் அடித்துப் பதினான்கு வரவேண்டும். பேக்கரிக்காரர் கேட்கவேண்டும், இந்தத் தடவை வைத்தியம் பண்ணது யாரும்மா என்று.

பல்லால் கடித்து அடைப்பைக் கழற்றினாள். முக்கால் பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்தாள்.

அடிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டை கரகரத்தது. மருந்து என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய் நாற்றத்தையே பதினெட்டு வருஷம் தாங்கிய கோழிகள், பூ வாசனைக்கா பயப்படும்?

பாதி காய்ந்திருக்கும்போது வானம் கறுத்தது. காற்றோடு சாய்வாக மழை அடித்தது. நனைந்த கோழிகள் ஒரே ஓட்டமாகப் பஸ்ஸுக்குள் ஏறின. ஏறிய வேகத்தில் இரண்டு மூன்று திரும்பி இறங்கப் பார்த்தன. அவள் முறத்தால் தட்டி உள்ளே விரட்டிவிட்டு, சாரல் அடிக்காமல் இருக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாத்தினாள். கதவையும் தாழ் போட்டாள். மழையில் தலை நனையாமல் வீட்டுக்குள் ஓடியதில், உள்ளேயிருந்து வழக்கமாக வருகிற கொக்கரிப்பு அன்று வந்ததா இல்லையா என்று அவள் கவனிக்கவில்லை.

காலையில் கண்டக்டர் கூவவில்லை.

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் மூன்று கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெளியே வரத்தான் முட்டியிருக்கின்றன. சட்டத்துக்குக் கீழே ஒன்று. மூலையில், கண்ணாடியின் இடுக்கில் அலகை வைத்தபடி, டீச்சர். கண்டக்டரும் மற்றவையும் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே குலுங்க நின்றன.

அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார், கொழுந்தன் ஓடி வந்தான், மதிலுக்கு மேல் டெய்லரம்மாவின் தலை தெரிந்தது.

"என்னடி ஆச்சு? என்ன இது வாசனை?"

"மருந்து" என்றாள். அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை.

"தைலம் குடுத்த மருந்தா?" டெய்லரம்மா மதில்மேலிருந்தே கேட்டாள். "ஐயோ, என் கோழிக்கும்ல அடிச்சா! நான் அப்பவே நெனச்சேன், இவ்வளவு வாசனையா இருக்கே, இது உடம்புக்கு ஆகுமான்னு."

அப்பவே அவள் நினைத்தது வேறு. ஆனால் யார் அதைத் தோண்டப் போகிறார்கள்?

"டேய்" என்று கணவர் தம்பி பக்கம் திரும்பினார். "என்னடா குடுத்துட்டுப் போயிருக்கா உன் பொண்டாட்டி? தெரிஞ்ச வேலைன்னா செய்யணும், தெரியலைன்னா சும்மா இருக்கணும். பதினெட்டு வருஷமா இவ ஒரு கோழியக்கூட இப்படிச் சாகவிட்டதில்ல."

"அண்ணே, அவ அளந்துதான்..."

"என்னத்த அளந்தா? இந்தா கெடக்கு பாரு அஞ்சு!"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்துப் பெண்டாட்டியைக் கூப்பிடப் போனான். கணவர் வந்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவள் தோளில் கை வைத்தார். "அழாத. உன் கைப்பக்குவத்துல விட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. என் புத்திதான், செய்யட்டும்னு சொன்னேன்."

கோழியக்கா டீச்சரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பொய்யாக அழவில்லை. நெஞ்சு வெடிக்கத்தான் அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள்ளேயே, தோளில் அந்தக் கை கிடந்த நேரத்தில், உள்ளே எங்கோ இதமாக ஒன்று பரவியதையும் அவள் உணர்ந்தாள். உணர்ந்து அருவருத்தாள். அருவருத்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்தாள். டெய்லரம்மா சுற்றி வந்து டீ போட்டுக் கொடுத்தாள். "உங்ககிட்டயே கேட்டிருக்கணும்க்கா" என்றாள். மத்தியானம் வரைக்கும் கோழியக்கா மறுபடி பழைய கோழியக்காவாக இருந்தாள்.

தைலம் சொன்னதற்கு ஒருநாள் முன்பாகவே, அன்று மத்தியானமே வந்துவிட்டாள். பையைக்கூட வீட்டில் வைக்காமல் கொல்லைக்கு ஓடினாள். யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிகளைப் படபடவென்று தள்ளித் திறந்தாள். உள்ளே கிடந்த கோழிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து கொய்யாமர நிழலில் விட்டாள்.

"இன்னும் உள்ளயே விட்டு வச்சிருக்கீங்களே! யாருக்கும் வெளிய எடுக்கத் தோணலியா?"

நிஜமாகவே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. யார் மேல் தப்பு என்று பேசுவதில் காலை போய்விட்டது. கோழியக்காவுக்கு அது சாட்டையாக விழுந்தது. பதினெட்டு வருஷம் வளர்த்தவளுக்குத் தோன்றாதது, ஓடி வந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

தைலம் ஈரத்துணியால் அலகுகளைத் துடைத்தாள், சுத்தமான தண்ணீர் வைத்தாள், கால்கள் துவண்ட இரண்டைத் தனியாகக் கூடையில் உட்கார வைத்தாள். பிறகு சட்டங்களைக் கழுவப் பஸ்ஸுக்குள் ஏறியவள், ஜன்னல் ஓரத்திலிருந்த பாட்டிலை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குலுக்கினாள். அடைப்பில்லாத வாயை விரலால் தடவினாள். இறங்கி வந்தாள்.

கோழியக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரட்டும், கேட்கட்டும். கேட்டால் சொல்வதற்கு நூறு பதில் வைத்திருந்தாள்.

"என்னம்மா சொல்ற?" கணவர்தான் ஆரம்பித்தார். "வாயில்லா ஜீவன். இப்படிப் பண்ணலாமா?"

தைலம் பாட்டிலை மூடி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான் மாமா."

"என்ன?"

"நான் ஊருக்குப் போற அவசரத்துல அளவ சரியாச் சொல்லல. அக்கா நான் சொன்னபடிதான் செஞ்சிருப்பாங்க. நானே இருந்து அடிச்சிருக்கணும். இல்லன்னா ஒரு காகிதத்துல எழுதியாவது வச்சிருக்கணும். என்ன மன்னிச்சிருங்க."

கணவரின் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்துபோனதைக் கோழியக்கா பார்த்தாள். அவர் செருமினார்.

"சரி சரி, விடும்மா. வேணும்னா செஞ்ச? அம்மா ஆபரேஷன் கவலை வேற. தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும். எத்தன பேருக்கு வரும் அது?"

"அதச் சொல்லுங்க" என்றாள் டெய்லரம்மா, காலையில் நினைத்ததை எல்லாம் விழுங்கிவிட்டு. "இந்தக் காலத்துல யாரு இப்படி நேராச் சொல்றா? தங்கமான பொண்ணு."

தங்கமான பொண்ணு. ஐந்து கோழி செத்தும் தங்கமான பொண்ணு. காலையிலிருந்து கோழியக்கா சேர்த்து வைத்திருந்ததையெல்லாம், தோளில் விழுந்த கை, டீ, 'உங்ககிட்டயே கேட்டிருக்கணும்', எல்லாவற்றையும் இவள் ஒரே வார்த்தையில் வாரிக்கொண்டு போய்விட்டாள். கோழியைக் குணப்படுத்தியதும் இவள். கோழியைக் கொன்றதும் இவள். அப்புறம் இந்தக் கொல்லையில் தனக்கு என்ன மிச்சம்?

"நிறுத்துடி!"

அந்தச் சத்தத்தில் கூடையிலிருந்த கோழிகூடத் தலையைத் தூக்கியது.

"நீ சரியாத்தான் சொன்ன. பத்துச் சொட்டுன்னு சொன்ன. காய்ஞ்சப்பறம் விடுன்னு சொன்ன. டெய்லரம்மாகிட்டயும் சொன்ன, என்கிட்டயும் சொன்ன. நான்தான் நம்பல. அடைப்பப் பல்லால கடிச்சு எடுத்துட்டு முக்கா பாட்டில ஊத்துனது நான். மழைக்குக் கண்ணாடியச் சாத்துனது நான். வெளிய வரப் பாத்த கோழிய முறத்தால அடிச்சு உள்ள தள்ளுனதும் நான். என் கோழி. நான் வளத்தேன், நான் கொன்னேன். அதையும் உன் பேர்ல எழுதிக்கப் பாக்கறியா? அதக்கூட எனக்கு விட மாட்டியா?"

கணவர் அவளைப் பார்த்தார். காலையில் தோளில் வைத்த கையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இடுப்பில் வைத்தார்.

"காலைலேருந்து கேட்டுக்கிட்டு நின்னியே" என்றார் மெதுவாக. "ஊர்ல இல்லாத பொண்ண நான் அந்தப் பேச்சுப் பேசறேன், நீ கேட்டுக்கிட்டே நின்னியே." 

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். கொழுந்தன், "அண்ணி..." என்று எதையோ ஆரம்பித்து, முடிக்காமல், செத்த கோழிகளைப் புதைக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனான். டெய்லரம்மா எந்த வழியாகப் போனாள் என்றே தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

கோழியக்கா மரத்தடியில் உட்கார்ந்தாள். தைலம் எதிரே குத்துக்காலிட்டு, ஒரு கறுப்புக் கோழியின் அலகைத் திறந்து தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியும்ல?" என்றாள் கோழியக்கா. "பாட்டிலத் தூக்கிப் பாத்தப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்ன? நான் அசிங்கப்படக் கூடாதுன்னா?"

கறுப்பி ஒரு சொட்டு விழுங்கியது. தைலம் இன்னொரு சொட்டுப் பிழிந்தாள்.

"இல்ல. நீங்க ஊத்துனீங்கன்னு நான் சொன்னா யாரு நம்பப் போறாங்க? நான் வந்து மூணு மாசம், நீங்க பதினெட்டு வருஷம். நானே பழிய ஏத்துக்கிட்டா உங்களால தாங்க முடியாது, நீங்களே உண்மையச் சொல்லிடுவீங்கன்னு தெரியும். நான் நல்ல பேர் வாங்கினா உங்க முகம் எப்படிப் போகும்னு மூணு மாசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

கோழியக்கா வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். தைலத்தின் கண்கள் சிவந்திருந்தன, தாடை இறுகியிருந்தது. அது நல்லவள் முகமே இல்லை.

"அடிப்பாவி" என்றாள்.

"ஆமா."

"நீ நல்லவ இல்லடி."

"நான் நல்லவன்னு எப்பக்கா சொன்னேன்? நீங்களா நெனச்சுக்கிட்டு வெந்துக்கிட்டிருந்தீங்க."

மதிலோரம் மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. கூடையில் இருந்த இரண்டில் ஒன்று கழுத்தை நீட்டி இரைத்தது. கோழியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டிக்காலில் நகர்ந்து போய் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார முடிந்தது.

"அந்தத் துணிய இப்படிக் குடு" என்றாள். "எத்தனை சொட்டு விடணும், சொல்லு."